தம்பியை மீட்க வந்த கார்

அடுப்படியில் நின்று மலையாண்டி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் அவன் மனைவி அமராவதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். கை நகம் பத்துக்கும் மருதாணி வேறு.

அறந்தாங்கியிலிருந்து வாடகைக் கார் பிடித்து ஆலங்குடி வந்து இறங்கிய ராஜலட்சுமிக்கு வாசற்படியிலேயே வயிறு எரிந்தது. புற்றுநோய்க்காரத் தம்பி கரண்டி பிடிக்கிறான்; கட்டியவள் கால் நீட்டிக் கொலுவிருக்கிறாள்.

“வாங்க அண்ணி” என்று அமராவதி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“ஒக்காரு தாயி. மகாராணி எந்திரிச்சா நாடு தாங்காது.”

ராஜலட்சுமி சாதாரண அக்கா இல்லை. அந்தக் குடும்பத்தில் ஆடு விற்பதிலிருந்து பெண் எடுப்பது வரை அவள் சொன்னால்தான் நடக்கும். நடந்தது சரியில்லாமல் போனால் மட்டும் அது கடவுள் செயல்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், புருஷனும் பெண்டாட்டியும் திருச்சி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்ததைச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்து அவள் காதில் போட்டார். அடுத்த நிமிடமே தம்பிக்குப் போன் போட்டு உலுக்கிவிட்டாள்.

“எனக்குத்தான்க்கா. பித்தக்குழாயில புத்துநோய். முத்திப்போச்சு, ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க” என்றான் மலையாண்டி. சதையை எடுத்துச் சோதித்து, அந்த நோய்க்கென்றே பொருந்துகிற மாத்திரை ஒன்று கொடுத்திருப்பதாகவும், அதுதான் நோயைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், ஒரு நாள்கூட நேரம் தவறக் கூடாது என்றும் சொன்னான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. பொய்யழுகை இல்லை. தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான்.

இன்று தூக்குவாளி நிறைய விளமீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததுமே அமராவதி மெல்லச் சொன்னாள். “அந்த மாத்திரை சாப்பிடுறப்ப மீனு, பாலு, கடலை எல்லாம் கொறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு அண்ணி.”

“ஆமா, பட்டினி போட்டா நோவு பயந்து ஓடிரும் பாரு. நீ சாப்புடுடா.”

மலையாண்டி மறுப்பே சொல்லவில்லை. நாலு துண்டு மீனைத் தின்று, குழம்பை வழித்து, விரலையும் நக்கினான். அமராவதி ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள். பாவி, எத்தனை நாளாக என் பிள்ளையைக் காயப் போட்டிருக்கிறாளோ என்று ராஜலட்சுமி மனசுக்குள் வைதாள்.

இருந்தாலும் வந்த இடத்தில் நாலு நல்லது சொல்லாமல் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“போன வருசம் எம் மருமக பிரகதீஸ்வரிக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கே பொட்டியக் கட்டி அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். வாக்கப்பட்டு வந்தவளுக்கு நோவு வந்தா பெத்தவங்கதான பாக்கணும்? மகன் துபாயிலேர்ந்து போன்ல அழுதான். ரெண்டு நாளைக்கு அழுவான்னு விட்டுட்டேன்.”

“அவுங்க வைத்தியம் பாக்குறாங்களாக்கா?”

“அவுங்ககிட்ட என்ன இருக்கு? ஏதோ எலை தழைய அரைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காங்களாம்.”

கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். மலையாண்டி அமராவதியின் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினான்.

திரும்பி வந்தவள் தீர்ப்பைச் சொன்னாள். “கெளம்புடா. இனிமே நீ எங்க வீட்டுலதான் இருக்கப்போற. வேளாவேளைக்கு நான் ஆக்கிப் போடுறேன். இவ இங்கிட்டு நிம்மதியாக் காலாட்டிக்கிட்டு இருக்கட்டும்.”

“இல்லக்கா, இங்கயே...”

“வாயத் தொறக்காத.”

அவனுக்கு அது பழகின கட்டளை, வாயை மூடிக்கொண்டான். ராஜலட்சுமி நாலு கைலி, ரெண்டு துண்டு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரு கட்டைப்பையில் திணித்தாள். பிரிட்ஜ் மேலே இருந்த மாத்திரைப் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இதை மறந்துவிட்டுப் போக அவள் என்ன விவரம் கெட்டவளா?

அமராவதி எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “அண்ணி, அந்தப் பைய மட்டும்...”

“ஏன், ஒங்கப்பன் வீட்டுச் சீரா இது? எந் தம்பி உசுரு. நான் பாத்துக்குறேன்.”

விறுவிறுவென்று போய்க் காரில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் இன்ஜினை முடுக்கினார். எமனிடமிருந்தும் அமராவதியிடமிருந்தும் ஒரே மத்தியானத்தில் தம்பியைப் பிடுங்கிய பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

மலையாண்டி வந்தான். ஏறாமல், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து அக்கா சொல்லை அவன் தட்டியதே இல்லை, இப்போதும் தட்டவில்லை.

“நான் வேணும்னா வாரேன்க்கா. மாத்திரைய மட்டும் அவகிட்டக் குடுத்துரு, நோவு அவளுக்குத்தான்.”