வழியனுப்பும் கைதட்டல்

எங்கள் ஊர் பெகேஷ்சாபா அரங்கத்தின் உயரமான ஜன்னல் வெயிலில், கை வழுக்காமல் பூசும் வெள்ளைப் பொடி மிதக்கிறது. கையகலமே உள்ள பீம் என்னும் உயரக் கட்டையிலிருந்து இப்போதுதான் விழுந்த எங்கள் ஜிம்னாஸ்ட் எனிகோ, மெத்தையில் நின்று முழங்கால் துணியை இறுக்கிக் கட்டுகிறாள். முப்பத்திரண்டு வயது; இந்த விளையாட்டுக்கு அது மூத்த வயது. கூட்டம் எழுந்து ஒரே தாளத்தில் கைதட்டுகிறது. பெரிய ஆட்களை நாங்கள் வழியனுப்புவது இப்படித்தான். இன்றோடு அவள் ஓய்வுபெறுகிறாள் என்று அவளைக் கேட்காமலே முடிவுகட்டிவிட்டோம். சங்கத் தலைவர் பூச்செண்டோடு படியிறங்கியே விட்டார். "போதும்டி கண்ணு, வாங்கிக்கோ," என்று பயிற்சியாளர் வில்மா கண்ணைத் துடைக்கிறார். "யாரு செத்துட்டாங்கன்னு அழறீங்க, அக்கா?" என்றபடி எனிகோ உள்ளங்கையில் மறுபடி பொடியைத் தேய்த்து, பீமில் தாவி ஏறி நிமிர்கிறாள். கைதட்டல் தாளம் தப்பி அடங்குகிறது. மேலேயிருந்தே தலைவரிடம் சொல்கிறாள்: "பூவைத் தண்ணில போட்டு வைங்க, சார். எனக்கு இங்க வேலை இருக்கு."