ஐடாவின் இரண்டு மோதிரங்கள்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் ஆய்வகத்துக்குப் போகிறேன். எக்ஸ்ரே கருவியில் கற்களின் உள்ளமைப்பைப் பார்ப்பது என் வேலை. படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கும். கருவி தரும் வரைபடத்தில் கூர்மையான முனைகள் எழும். கண்ணாடியில் அந்த வரிசை கிடையாது. மழுங்கலாக ஒரு மேடு மட்டும் வரும்.

என் மனைவி ஐடாவிடம் இரண்டு மோதிரங்கள். சுரங்கத்து வெள்ளைக் கல் பதித்தது நான் கொடுத்தது. மற்றது, கல்யாணத்துக்கு முன்னால் அவளைக் காதலித்த டென்சில் கொடுத்தது. அதைத்தான் அவள் தினமும் ஊதித் துடைப்பாள்.

மெருகு போடுவதாகச் சொல்லி இரண்டையும் கொண்டுபோய்ச் சோதித்தேன். என் கல்லில் ஏழு முனைகள். அவனுடையதில் வெறும் மேடு.

"டென்சில் குடுத்தது கண்ணாடி" என்றேன், மோதிரங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது.

"தெரியும். சொல்லித்தான் குடுத்தாரு. அதுக்கு இன்னா இப்போ?"

மறுநாள், அவள் குளிக்கக் கழற்றி வைத்திருந்த அந்தக் கண்ணாடி மோதிரத்தை எடுத்துப்போனேன். ரயில் பங்காருபேட்டை தாண்டியதும் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

ஐடா அதைத் தேடவில்லை. அன்று மாலை முதல்முறையாக என் மோதிரத்தை ஊதித் துடைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. காலையில் அதை வாங்கிப்போய்க் கருவியில் வைத்தேன்.

மோதிரம் நான் கொடுத்ததுதான். ஆனால் ஏழு முனைகளும் இல்லை. டென்சிலின் கல்லில் வந்த அதே மேடு. மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐடா கையை நீட்டினாள்.

"குடுங்க. இன்னிக்கு இன்னும் தொடைக்கவே இல்ல."