விழுந்தால் வருவார்கள்

அன்று பனிச்சறுக்கு மலை மேல் மீட்புக் குடிலில் நாங்கள் நான்கு பேர். தலைவி குசுமி, மீட்புச் சறுக்குவண்டி இழுக்கும் தோனோமுரா, அவருக்குத் துணை ஹதோரி, தொலைபேசியும் வாக்கிடாக்கியும் பார்த்துக்கொள்ளும் நான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது.

"அதே கைக்கடிகாரம்தாங்க. 'அணிந்திருப்பவர் பலமாக விழுந்துவிட்டார், பதில் இல்லை'ன்னு அதே குரல். திருப்பிக் கூப்பிட்டோம், எடுக்கல. ஆறாம் தடம், மேல் வளைவு."

தோனோமுரா கடித்த சோற்று உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தார்.

"மறுபடியும் அந்தாளா? விழுறதுக்குன்னே டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கான்!"

இப்போது வரும் கடிகாரங்கள் இப்படித்தான். கட்டியிருப்பவர் பலமாக விழுந்ததாகத் தோன்றினால் ஒலித்துக் கேட்கும். அவர் நிறுத்தாவிட்டால் தானே தீயணைப்பு நிலையத்தின் அவசர எண் 119-ஐ அழைத்து இடத்தையும் சொல்லிவிடும். பனிச்சறுக்கில் புரண்டு எழுந்தாலும் சில நேரம் அதற்கு விபத்துதான்.

காலையில் முதல் அழைப்புக்கு தோனோமுரா ஓடினார். அங்கே யாரும் இல்லை. இரண்டாவது முறை ஆள் கிடைத்தார்.

"தொண்டை கிழியக் கத்துறேன், 'கூப்பிட்டா எடுக்க மாட்டீங்களா'ன்னு. அந்தாளு குனிஞ்சு குனிஞ்சு வணங்கிட்டுப் போயிட்டே இருக்கான். ஒரு வார்த்தை, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல" என்றார் தோனோமுரா.

"இதுக்கும் போகணுமா குசுமி-சான்?" என்றார் ஹதோரி. "நாம அங்க இருக்கும்போது வேற எங்கயாவது நிஜமா ஒருத்தர் விழுந்தா?"

குசுமி சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மூணாவது தடவை விழுந்தா எலும்பு உடையாதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா? கிளம்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள்.

சிறிது நேரத்தில் வாக்கிடாக்கியில் தோனோமுராவின் குரல்.

"ஆள் கிடைச்சாச்சு. தடத்தோரமா நிக்கிறார். நிக்கிறார் தலைவி, நல்லா நிக்கிறார்! எனக்குப் பத்திக்கிட்டு வருது. கிட்டப் போனா ஒரு கையால நம்மளத் தள்ளி விடுறார். அந்தப் பக்கம், மரத்துப் பக்கம் போ போன்னு கை காட்டுறார்..."

பேச்சு நின்றது. நானும் குசுமியும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தலைவி." குரல் மாறியிருந்தது. "இங்க ஒரு பொண்ணு. மரத்தடிக் குழியில தலைகீழா விழுந்து கிடக்கு. மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸ் சொல்லுங்க. சீக்கிரம்."

பெரிய ஊசியிலை மரங்களின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி இறுகாது. கிணறு மாதிரி இருக்கும். தலைகீழாக உள்ளே போனவர் தானாக வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றி மட்டும் யாரோ கையால் தோண்டி வழி செய்திருந்தார்கள். காலோ கிளைகளில் சிக்கியிருந்தது. அந்த ஆளும் ஒற்றைக் கையால் பிடிக்க, மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது அவள் கண் திறந்து அம்மாவைக் கேட்டாள்.

அடுத்த வண்டி வரும்வரை அந்த ஆள் எங்கள் குடிலில் இருந்தார். முகமூடியைக் கழற்றினால் அறுபதைத் தாண்டிய முகம். பெயர் கொமியா. இடது தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. குசுமி கட்டுப் போட்டுக்கொண்டே ஏதோ கேட்டாள். அவர் தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையசைத்தார்.

தோனோமுரா உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலயும் இப்படித்தான் தொட்டுக் காட்டினார். ஹெல்மெட்டைச் சரி பண்றார்னு நினைச்சேன்."

கொமியா எழுந்து, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் வலக்கை விரலால் எழுதினார்.

'தனியாகத் தூக்க முடியவில்லை. முகத்தில் பனி சரிந்துகொண்டே இருந்தது. விட்டுவிட்டு வர முடியவில்லை. கத்தினாலும் என் பேச்சு யாருக்கும் புரியாது.'

துடைத்துவிட்டு மேலும் எழுதினார்.

'நான் விழுந்தால் நீங்கள் வருவீர்கள் என்று காலையில் தெரிந்துகொண்டேன். அதனால் பாறையிலிருந்து விழுந்தேன்.'

ஹதோரி மெதுவாக அவருடைய கடிகாரத்தைத் தொட்டு, பக்கத்துப் பொத்தானைக் காட்டினார். அதை அழுத்திப் பிடித்திருந்தாலே 119-க்கு அழைப்பு போயிருக்கும். கொமியா பொத்தானைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, தோள் வலியில் முகம் சுளித்து, 'மகள் போன வாரம்தான் வாங்கிக் கொடுத்தாள்' என்று எழுதினார்.

தோனோமுரா எழுந்து அவர் முன்னால் இடுப்பு மடிய வணங்கினார். வெகு நேரம் நிமிரவில்லை.

கொமியா போன பிறகு தோனோமுரா சொன்னார். "பாவம், ஒரே குதியில எலும்பு போச்சு."

மாலையில், மலைக்கு ஆள் ஏற்றும் லிஃப்ட் நிற்கும் நேரத்தில், மேலே விட்டுவந்த கயிற்றையும் மண்வாரியையும் எடுக்க நான் போனேன்.

மரத்துக்கும் தடத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை. மரத்திலிருந்து பாறை உச்சிக்கு ஒருவர் நடந்து நடந்தே பாதை போட்டிருந்தார். பாறைக்குக் கீழே மெத்தைப் பனியில், கையும் காலும் விரிந்தபடி ஆள் விழுந்த குழிகள். காலையில் சும்மா புரண்டதற்கே ஊரைக் கூட்டிய கடிகாரம், இங்கே குழிக்குக் குழி சும்மாவே இருந்திருக்கிறது. கடைசியில்தான் அவர் மறுபக்கம் திரும்பி, தடத்தின் கெட்டிப் பனி மீது குதித்திருக்கிறார். அங்கே குழி இல்லை. ஒரு சிராய்ப்பு மட்டும்.

எலும்பை உடைத்த அந்தக் குதியைக் கழித்துவிட்டு, குழிகளை ஓரத்திலிருந்து எண்ணினேன். சரிதானா என்று திரும்பவும் எண்ணினேன்.

மிச்சம் பதினேழு.