மூன்றாவது கையெழுத்து

கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த சேக் முகைதீன், மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை என்று ஜமாஅத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தான். தங்கை நிக்காஹுக்கே வராதவன். அவனுடைய அத்தா அப்துல் ஹமீது ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிவாசலுக்குப் போனார்.

தங்கை நிக்காஹ் நடந்த தேதியைக் கடிதத்தில் குறிக்க, ஜமாஅத் செயலாளர் நிக்காஹ் பதிவேட்டைப் பிரித்தார். சாட்சிகள் இரண்டு பேர். கையெழுத்து மூன்று இருந்தது. மூன்றாவது சேக் முகைதீனுடையது.

“ஹமீது பாய், மவன் வந்திருந்தானா?”

“வரல. வந்தா கனடாவுல இருந்த நாள்கணக்கு கொறஞ்சிரும்லா.”

“அப்ப இத அடிச்சிருவோமா?”

“அடிக்காதிய. அண்ணன் கையெழுத்து இருக்கட்டும். சுழியப் பாத்தியளா, அச்சு மாதிரி!”

செயலாளர் ‘வரவில்லை’ என்று எழுதி முத்திரை வைத்தார்.

1993இல் குடியுரிமை கிடைத்தது. பிரமாணம் எடுத்த அன்று பிடித்த போட்டோ தபாலில் வந்தது. முகைதீன் கையை உயர்த்தி நிற்கிறான். பின்னால் நாற்காலியில், மதுரையைத் தாண்டியே போகாத ஹமீது உட்கார்ந்திருக்கிறார். அவர் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

மனைவி மெகராஜ் பேகம் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“அம்புட்டுப் பேரு கூடுற எடம். இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுட்டுப் போயிருக்கலாம்லா?”