நடு நாற்காலி

“முன் வரிசையில் நடு நாற்காலி. அதுல யாரையும் உட்கார விடாதீங்க. ஒருத்தர் வருவார், அவர் இதைக் கேட்டே ஆகணும்” என்றாள் சியாமளா, மூன்றாவது தடவையாக.

வரதன் தலையாட்டினான். மாமல்லபுரத்தில் அவன் ஓவியக் கூடம் திறந்து ஒரு வருடமாகிறது. வெள்ளைக்காரர்கள் ஓசியில் மின்விசிறிக் காற்று வாங்கிப் போனதுதான் மிச்சம். கல்பாக்கத்திலிருந்து இந்த அம்மாள் வந்து, படங்களுக்கு நடுவே கவிதையும் ஒப்பாரியும் வைக்கலாம் என்றதும் சரி என்றுவிட்டான்.

வரப்போகிறவர் பத்திரிகை விமரிசகராகத்தான் இருக்க வேண்டும். அவர் நாலு வரி எழுதினால் கூடம் பிழைக்கும். பதிவு செய்யப் புது கேசட்டும் வாங்கி வைத்திருந்தான்.

அச்சரப்பாக்கத்திலிருந்து பாட வந்த சந்திரம்மா பாயில் உட்கார்ந்து முரண்டு பிடித்தாள். “பேரு இல்லாம ஒப்பாரி வெக்க மாட்டேம்மா. நெசமா செத்தவங்க பேரா இருக்கணும். சும்மானாச்சும் பாடுனா என் வூட்டுக்கு ஆவாது.”

“இது கலை நிகழ்ச்சிம்மா. ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்களேன்” என்றான் வரதன்.

சியாமளா குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள். சந்திரம்மா மறுபேச்சில்லாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. பெரிய ஆட்கள் அப்படித்தான் என்று வரதன் தன்னைத் தேற்றிக்கொண்டான். சியாமளா கவிதை படித்தபோது அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரதன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

சந்திரம்மா மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“காலையில போன கண்ணே ஆதித்யா...
கதவ இன்னும் சாத்தலியே ஆதித்யா...”

நடு நாற்காலி சாய்ந்து விழுந்தது. அவர் தள்ளாடிப் போய்ப் பாயில் விழுந்து, சந்திரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினார். இதுவும் நடிப்பென்று நினைத்துப் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

வரதன் பதறிப்போய் சியாமளாவிடம் ஓடினான். “மேடம், பாட்டை நிறுத்தச் சொல்லவா?”

அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம் சார். பையன் போய் ஏழு மாசமாச்சு, என் வீட்டுக்காரர் இன்னிக்குத்தான் அழறார்.”