எந்த லுபுக்?

“இன்னிக்கி டெராமான் வாரிக் கொடுத்துட்டான்!”

படகைக் கரையேற்றிய போக் லே இப்படிக் கத்தியதுமே, கல்சோம் ஓடிவந்து எதிரே நின்றாள்.

“மெல்லப் பேசுங்க மாமா! அத்தை பின்னாலயே வர்றாங்க. அவரு பேரு அவங்க காதுல விழக்கூடாது.”

டெராமான் அவளுடைய கணவன். எல்லை தாண்டிப் போய்ச் சியாம் சிறையில் இருக்கிறான் என்றுதான் அவன் தாய் மோக் லிமாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

சியாமும் இல்லை, சிறையும் இல்லை. சிக்கிய வலையை எடுக்க முங்கியவர்கள், அவன் படகின் சாயம் பூசிய முகப்பைக் கடலடியில் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மூழ்கிய படகில் மீன் அடையும். மலேசியாவின் திரங்கானுக் கரையில் மீன் கூடும் ஆழத்தை லுபுக் என்போம். அடியில் யாராவது கிடந்தால் அவன் பெயரே அதற்கும் பெயர். டெராமான் லுபுக் வந்தபின் ஊரில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. சொல்லவே நாக்கு கூசுகிறது.

“மகன் வருவான்னுதான் அவங்க உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. கெடுத்துடாதீங்க,” என்றாள் கல்சோம்.

போக் லே தலையாட்டிவிட்டு மீன் கூடையை இறக்கினார்.

மோக் லிமா வந்து கூடையிலிருந்த சங்கரா மீனைப் புரட்டினாள். தினமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டாள்.

“எந்த லுபுக்?”

“மீனுக்குப் பொறந்த ஊரு விசாரிக்கிற ஒரே ஆளு நீங்கதான் அக்கா!” போக் லே சிரிக்கப் பார்த்தார். “வெள்ளப்பாறை லுபுக்.”

“அப்படியா... கல்சோம், நீ போயி ஐஸ் வாங்கிட்டு வாம்மா.”

மருமகள் தள்ளிப் போனதும், கையிலிருந்த மீனைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள் மோக் லிமா.

“பொய் சொல்ல உனக்கு இன்னும் வரலை, லே.”

“அக்கா... அது வந்து...”

“எம்மவன் ஊருக்குச் சோறு போடறான். போடட்டும். அவன் லுபுக் மீனை மட்டும் என் மருமக கையில கொடுத்துடாதப்பா.”

ஐஸோடு கல்சோம் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மோக் லிமா முக்காட்டு நுனியால் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது.”