கேட்டதுக்கு மட்டும் பதில்

"மணி என்னன்னு தெரியுமா?"

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் கேட்டார் வக்கீல் ஹால்வர்சன்.

"ரெண்டே கால் தம்பி. மூணு மணிக்கு நாய்க்கு மாத்திரை குடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அவ மறந்துடுவா," என்றாள் வெல்டா.

ஹால்வர்சன் பேனாவை மேஜையில் டக் டக்கென்று தட்டினார்.

"தப்பு. 'தெரியும்'னு சொல்லணும். அவ்வளவுதான் பதில். மணி என்னன்னு நான் கேட்கல, தெரியுமான்னுதான் கேட்டேன். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலம்மா கேட்கும்போதும் இப்படித்தான். கேட்டதுக்கு மட்டும் பதில்."

"சரி தம்பி."

வெல்டா, ஊருக்குக் குழாய் வழியே கேஸ் தரும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிறவள். ஹால்வர்சன், கேஸ் விபத்து வழக்குகளில் கம்பெனிகளுக்காக மட்டுமே வாதாடுகிறவர். ஒஹாயோ மாநிலத்தின் இந்தச் சின்ன ஊருக்கு விமானம் பிடித்து வந்திருந்தார். இருபது வருஷத்தில் தோற்றது இரண்டே வழக்கு.

இந்த வழக்கும் கைக்குள்தான் இருந்தது. டாரா என்றொரு சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி, அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். கம்பெனிக் குழாயிலிருந்து கசிந்து நிறைந்திருந்த கேஸ் குபீரென்று பிடித்து, இரண்டு கையும் வெந்துவிட்டன. நாற்றமே வரவில்லை என்கிறாள். மூன்று வீடு தள்ளி இருந்தவர்களுக்கெல்லாம் அழுகின முட்டை நாற்றம் குமட்டியிருக்கிறது.

பொய் சொல்கிறாள், தெரிந்தே பற்ற வைத்தாள். இதுதான் ஹால்வர்சனின் வாதம்.

"மறுபடி கேட்கிறேன். மணி என்னன்னு தெரியுமா?"

"ரெண்டு இருபது. உங்களுக்குப் பசிக்குதா? பையில பூசணி ரொட்டி இருக்கு, எடுத்துத் தரட்டா?"

"வெல்டாம்மா!"

"நீங்க காலையிலேர்ந்து வெறும் காபியா குடிச்சிட்டிருக்கீங்க. அதான் பேனாவைப் போட்டுத் தட்டுறீங்க."

ஹால்வர்சன் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். போயும் போயும் இப்படி ஒரு ஓட்டைவாய் சாட்சியா வாய்க்க வேண்டும்?

"தம்பி, அந்தப் பொண்ணு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி..."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"கேட்காததைச் சொல்லாதீங்க. எங்கிட்டயே சொல்லாதீங்க."

வெல்டா ரொட்டிப் பையை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன ஆகும்?"

"வழக்கே கவிழ்ந்துடும். உங்க வேலையும் போயிடும்."

"அப்படியா," என்றாள்.

மறுநாள், வழக்கு நீதிபதி முன் போகுமுன் இரு தரப்பும் சாட்சியைப் பதிவு செய்யும் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சொல்வதையெல்லாம் ஒரு பெண் தட்டெழுத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே டாரா. இரண்டு கையிலும் தீக்காயத்துக்காக மாட்டிய, தோலோடு தோலாக இறுகிய கையுறை. தண்ணீர்க் கோப்பையை மணிக்கட்டுகளால் அணைத்துத் தூக்கிக் குடித்தாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆமாம், இல்லை, தெரியாது. வெல்டா அசத்தினாள். ஹால்வர்சன் பேனா தட்டுவதை நிறுத்தினார்.

எதிர்த்தரப்பு வக்கீலம்மா கடைசியாக ஒரு அட்டையைக் காட்டினாள். சுரண்டினால் கேஸ் நாற்றம் வரும் அட்டை. கேஸ் கசிந்தால் எப்படி நாறும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிய கம்பெனி அனுப்புவது.

"இதை எல்லா வீட்டுக்கும் அனுப்புவீங்களா?"

"ஆமா," என்றாள் வெல்டா.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டாரா வீட்டுக்கு மட்டும் மூணு தடவை அனுப்பினோம்."

ஹால்வர்சன் இருமினார். மேஜைக்கடியில் அவள் செருப்பைக் காலால் தட்டினார்.

"ஏன் மூணு?" வக்கீலம்மா நிமிர்ந்தாள்.

"இந்தப் பொண்ணு போன் பண்ணி, 'அட்டையில வாசனையே இல்லம்மா'ன்னு சொல்லிச்சு. அட்டைதான் சரியில்லன்னு நெனச்சு வேற அனுப்பினேன். மறுபடியும் போன். மறுபடியும் அனுப்பினேன். நல்ல அட்டைங்க அது. ஊர்ல வேற யாரும் குறை சொல்லல."

"ஆட்சேபணை!" என்றார் ஹால்வர்சன்.

வெல்டா நிறுத்தவில்லை. தட்டெழுத்துப் பெண்ணும் நிறுத்தவில்லை.

"கோவிட் வந்து மூக்குக்கு வாசனை தெரியாமப் போனவங்க எத்தனை பேர் இருக்காங்க! 'ஏம்மா, காபி வாசனையாவது தெரியுதா?'ன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா, கசிஞ்சா கத்துற கருவி ஒண்ணு மாட்ட அன்னிக்கே ஆள் அனுப்பியிருப்பேன். அவ பொய் சொல்லல. தப்பு என்னோடது."

டாரா தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சோறு ருசிச்சே ஒரு வருஷம் ஆச்சு," என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

'அட்டை மறுபடி அனுப்பப்பட்டது.' கோப்பில் இரண்டு இடத்தில் அந்த வரியை ஹால்வர்சனும் பார்த்திருந்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

வெளியே நடைவழியில் வெல்டாவைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேனே! ஒரு வார்த்தையாவது உங்க மண்டையில ஏறிச்சா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றது அவ்வளவு கஷ்டமா?"

வெல்டாவோ டாராவின் கழுத்தில் அவிழ்ந்து தொங்கிய கம்பளித் துண்டை இழுத்து முடிந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஹால்வர்சன் கம்பெனிக்கு இப்போதே போன் செய்ய வேண்டும். விமானத்துக்கு வேறு நேரமாகிவிட்டது. மணிக்கட்டைப் பார்த்தார், கடிகாரம் இல்லை. பெட்டியைத் திறந்து தாறுமாறாகக் கிளறினார்.

"கடவுளே... வெல்டாம்மா, மணி என்னன்னு தெரியுமா?"

வெல்டா சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.